கல்லறைத் திருநாளை மெழுகுதிரி வெளிச்சத்தில் படமெடுப்பது: நேரம், எக்ஸ்போஷர், நிற்கும் இடம்

புதுரோல்:
நவம்பர் 2, கத்தோலிக்கர்கள் இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் படமெடுக்கணும். கையில் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 35 மிமீ எஃப் 1.8, 50 மிமீ எஃப் 1.8, ஒரு 24-70 எஃப் 4. பங்குத்தந்தையிடம் கேட்டாச்சு, சரி என்றார். சந்தேகம் மூணு. எத்தனை மணிக்கு உள்ளே போகணும்? முகமெல்லாம் ஒரே ஆரஞ்சாக வராமல் இருக்க என்ன செய்யணும்? ஃபிளாஷ் அறவே கூடாதா, லேசாகப் போட்டுக்கலாமா?

பீடச்சிறுவன்:
முதல் கேள்விக்கு நான். சாயங்காலம் மட்டும் போனால் பாதித் திருநாள் முடிந்திருக்கும். வேலை நாலைந்து நாள் முன்னாடியே தொடங்கிவிடும்: புல் செதுக்குவது, கல்லறையைக் கழுவுவது, சுண்ணாம்போ பெயின்ட்டோ அடிப்பது, பெயரெழுத்தின் பள்ளத்தில் கறுப்பு எனாமல் நிரப்புவது. இந்தக் கடைசி வேலையை விடாதீங்க. மெல்லிய தூரிகை, ஒரு தகர டப்பா, எழுத்துக்கு வெளியே வழிந்ததைத் துடைக்க மண்ணெண்ணெய் நனைத்த துணி. எழுதும் கை மட்டும் ஃபிரேமில் இருந்தாலே போதும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் பள்ளம் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் கல் தட்டையாகிவிடும்.

அன்றைக்குப் பூவும் மாலையும் காலையிலேயே வந்துவிடும். தோட்டத்திலேயே திருப்பலி வைக்கும் பங்குகளில் பெரும்பாலும் மாலைப் பூசைதான், நேரம் பங்குக்குப் பங்கு மாறும், அறிவிப்புப் பலகையைப் பாருங்க. பூசை முடிந்ததும் மந்திரிப்பு, அதாவது கல்லறைகளை ஆசீர்வதிப்பது. சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார், அவர் வரும்போது திரி எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எல்லாரும் முன்னாலேயே ஏற்றிவிடுவார்கள். எந்த மூலையில் தொடங்குவார் என்று உபதேசியாரிடம் (பங்கில் சாமியாருக்கு உதவியாக இருப்பவர்) முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்க. தெரிந்துவிட்டால் இரண்டு வரிசை முன்னால் போய் நிற்கலாம். சாமியாருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுக்கிற வேலை வேண்டாம். கல்லறை விளிம்பு முழங்காலுக்குக் கீழே இருக்கும், இருட்டில் தெரியாது.

இன்னொன்று. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து வேண்டினால் இறந்தவர்களுக்குப் பரிபூரண பலன் (பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்பது திருச்சபை வழக்கம். அதனால் 3, 4 தேதிகளிலும் ஆள் வரும். கூட்டம் இருக்காது, ஒலிபெருக்கி இருக்காது, குழல் விளக்கும் கழற்றியிருப்பார்கள். நிதானமாக எடுக்க அந்த நாட்கள்தான் வசதி.

மெழுகுக்கறை:
வெளிச்சக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

ஒரு மெழுகுதிரி ஏறக்குறைய ஒரு கேண்டெலா (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு). முகம் சுடரிலிருந்து 30 செமீ தள்ளி இருந்தால் ஐஎஸ்ஓ 3200, எஃப் 1.8-க்கு ஷட்டர் 1/40 வரும். அதே முகம் 60 செமீக்கு நகர்ந்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, ஷட்டர் 1/10. குனிந்து திரி ஏற்றுகிறவர் நிமிர்ந்த மாத்திரத்தில் இரண்டு ஸ்டாப் போய்விடும் என்று அர்த்தம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஐந்து திரி சேர்ந்து எரிய, முகம் 45 செமீயில் இருந்தால் 1/100 கிடைக்கும். ஆகவே ஒற்றைத் திரியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், ஐந்தாறு திரி நெருக்கி வைத்திருக்கும் கல்லறையாகப் பாருங்கள். திரி ஏற்றும் கைக்கு 1/125 வேண்டும். கண்மூடி ஜெபிக்கிறவருக்கு, கேமராவில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால், 1/30 போதும். இந்த அளவுக்கு 24-70 எஃப் 4 பத்தாது, அதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். ஃபிரேமில் முக்கால்வாசி இருட்டு. ஃபிரேம் முழுவதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டர் அதைச் சாம்பல் நிறத்துக்குத் தூக்கப் பார்க்கும், முகம் வெளுத்துப்போகும். ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைச் சுடர் மேல் வைத்தால் நேர் எதிராக முகமே இருக்காது. மேனுவல் வைத்து, கன்னத்தைப் பார்த்து எக்ஸ்போஸ் செய்யுங்கள். சுடரின் நடுப்பகுதி வெளுத்துத்தான் போகும், அதைக் காப்பாற்றப் போய் மற்றதைத் தொலைக்க வேண்டாம். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

இப்போது ஆரஞ்சு. மெழுகுதிரியின் நிற வெப்பம் சுமார் 1900 கெல்வின். பெரும்பாலான கேமராக்களில் நாம் கையால் வைக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு 2500. அதாவது கேமரா எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் ஆரஞ்சு மிச்சமிருக்கும். இருக்கட்டும், வேண்டியதுதான். ஆட்டோவில் விட்டால் ஃபிரேமுக்குள் ஒரு குழல் விளக்கு எட்டிப் பார்த்ததும் நிறம் தாவும், அடுத்தடுத்த இரண்டு படம் இரண்டு ஊர்ப் படம் மாதிரி இருக்கும். 2500-இல் பூட்டி, ரா-வில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து, பிறகு மென்பொருளில் 2300 முதல் 2600-க்குள் நிறுத்துங்கள். முழுக்க வெள்ளையாக்க வேண்டாம்.

பலர் தவறவிடும் இடம் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று கேமரா காட்டும் வரைபடம். மெழுகுதிரி வெளிச்சத்தில் சிவப்பு ஏராளம், நீலம் மிகக் குறைவு. வெள்ளை ஹிஸ்டோகிராம் நன்றாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் வலது சுவரில் முட்டியிருக்கும். விளைவு, கன்னத்தில் தோலின் நயமே இல்லாமல் ஆரஞ்சுத் திட்டு. அதைப் பிறகு எதைக் கொண்டும் மீட்க முடியாது. மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பைப் பார்த்து ஷட்டரை முடிவு செய்யுங்கள். நீலச் சேனல் பட்டினி கிடப்பதால் குருணை (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) வழக்கத்தை விட அதிகம் வரும். ஐஎஸ்ஓ 3200-இல் பகலில் வராத குருணை இங்கே வரும், கேமரா பழுதில்லை.

கடைசியாக, மாநிற முகத்தை மைதா மாவாக்காதீர்கள். திரி வெளிச்சத்தில் நம் தோல் எவ்வளவு கறுத்துத் தெரிகிறதோ அதுதான் அந்த நேரத்து உண்மை.

நிழல்வலை:
ஃபிளாஷ் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளங்கை அளவு எல்இடி பேனல் ஒன்றுக்கு ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டி, மிகக் குறைந்த அளவில் கீழிருந்து காட்டினால் திரி வெளிச்சம் மாதிரியேதான் இருக்கும். ஐஎஸ்ஓ 800-க்கு வந்துவிடலாம். ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்?

மெழுகுக்கறை:
ஒரு ஜெல் போதாது. 5600 கெல்வின் பேனலுக்கு ஒரு முழு ஆரஞ்சு ஜெல் ஒட்டினால் 3000 பக்கம்தான் இறங்கும். 2000-ஐ நெருங்க இரண்டு முழு ஜெல் அடுக்க வேண்டும், அப்போது வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வெளியே வராது. ஒற்றை ஜெல்லோடு எடுத்தால் திரியின் ஓரம் ஆரஞ்சு, பேனல் பட்ட இடம் வெளிர் மஞ்சள் என்று இரட்டை வேஷம் தெரியும்.

நிறத்தைச் சரிக்கட்டினாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். திரி ஒரு புள்ளி. மூக்கின் நிழல் கூர்மையாக விழும், சுடர் ஆட அதுவும் ஆடும். பேனலின் நிழல் அசையாது. அதையெல்லாம் விட, பேனலைத் தூக்கியதும் ஜெபம் நின்று எல்லார் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். பிறகு எதை எடுக்கப் போகிறீர்கள்?

ஜெபம் முடிந்து, "எங்க குடும்பத்தை ஒரு போட்டோ எடுங்க தம்பி" என்று அவர்களே கேட்டால் தாராளமாகப் பேனல் போடுங்கள். அதற்கு அது சரியான கருவி.

நிழல்வலை:
இரண்டு ஜெல் கணக்கு எனக்குப் புதுசு, நன்றி. ஆனால் திரி கரைந்து குட்டையானதும் வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து வந்து பேய்ப்பட முகம் ஆகிவிடுகிறதே, அதற்கு என்ன வழி?

மெழுகுக்கறை:
நல்ல கேள்வி. நின்றபடி குனிந்து பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கோளாறு. உட்காருகிறவரையோ முழந்தாள் இடுகிறவரையோ பாருங்கள், சுடரும் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. நீங்களும் சுடர் மட்டத்துக்கு இறங்க வேண்டும். கால் வலிக்கும், வேறு வழியில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சிலுவை பக்கத்தில் இருந்தால் அதுவே ரிஃப்ளெக்டர், முகத்தின் மறுபாதிக்கு அரை ஸ்டாப்பாவது கொடுக்கும். வெள்ளை வேட்டிக்கும் அதே பலன் உண்டு.

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. 50 மிமீ, எஃப் 1.8, ஒரு மீட்டர் தூரம் என்றால் கூர்மையான ஆழம் நாலு செமீதான். கண்ணும் சுடரும் இரண்டும் கூர்மையாக வராது. கண்ணைப் பிடியுங்கள். ஆட்டோ ஃபோகஸ் சுடரை நோக்கி ஓடும், கண் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போட்டு, ஃபோகஸுக்கு உதவ கேமரா அடிக்கும் துணை விளக்கை அணைத்துவிடுங்கள். முகத்தில் சிவப்போ பச்சையோ ஒளி அடிப்பதும் ஃபிளாஷ் அடிப்பதும் ஒன்றுதான். ஷட்டர் சத்தத்தையும் அணையுங்கள்.

மூணுகால்:
சத்தத்தை அணைக்கும்போது ஒரு பொறி. சைலன்ட் மோடு என்றால் பல கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர். தோட்டத்தில் கட்டியிருக்கும் குழல் விளக்கும் சீரியல் பல்பும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாக வரும். 1/50 அல்லது 1/100 வையுங்கள், குறையும். மெழுகுதிரி மட்டும் எரியும் மூலையில் இந்தத் தொல்லை கிடையாது. குழல் விளக்கு வேண்டாம் என்றால், சிலுவையோ ஆளோ அதை மறைக்கும்படி இரண்டு அடி நகர்ந்தால் போதும். லைட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு, அது அநியாயம். வயசானவர்கள் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டாமா?

இப்போது அகலக் காட்சி. நவம்பர் 2 அன்று சென்னையில் சூரியன் மறைவது 5.40-ஐ ஒட்டி, நாகர்கோவில் பக்கம் 6 மணியை ஒட்டி. நம் ஊர்ப் பக்கம் அந்தி நீளாது. மறைந்த பத்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரை, அவ்வளவுதான், வானத்து நீலமும் திரி வெளிச்சமும் ஒரே எடையில் இருக்கும். டிரைபாட், 35 மிமீ, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, இரண்டு நொடியில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் கூட்டுங்கள். இந்தப் படத்துக்கு ஒயிட் பேலன்ஸ் 3200 பக்கம் வைத்தால் வானம் நீலமாகவும் திரி மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். 2500-இல் விட்டால் வானம் இங்க் கொட்டினது போல் ஆகிவிடும்.

டிரைபாடை நடைபாதையில் மட்டும் வையுங்கள், காலை விரிக்காமல். கல்லறைப் பலகை மேல் ஒரு கால்கூடப் படக்கூடாது. மந்திரிப்பு ஊர்வலம் நெருங்கினால் மடக்கிவிடுங்கள். ட்ரோன் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இரைச்சல், இறக்கைக் காற்றில் திரி அணைவது, கீழே கூட்டம். வேண்டாம்.

கைபேசிக்காரி:
கேமரா இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க. போனில் நைட் மோடு தானாகவே இயங்கும். ஒன்றிரண்டு நொடி பல ஃபிரேமைச் சேர்த்துத் தைப்பதால் சுடர் இரட்டையாகும், ஜெபிக்கிற கை பனிப்புகையாகும். ஆள் இருந்தால் நைட் மோடை அணைத்துவிடுங்க. மெயின் கேமராவை மட்டும் பயன்படுத்துங்க, இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஜூம் போனால் பல போன்களில் சின்ன சென்சாருக்குத் தாவிவிடும். திரையில் தெரியும் கன்னத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பக்கத்திலிருக்கும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்க. எடுக்கிறதுக்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியில் துடைங்க. விரல் எண்ணெய் பட்டிருந்தால் ஒவ்வொரு சுடருக்கும் வால் முளைக்கும்.

சுடருக்கு நேரெதிர் மூலையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. போனைக் கொஞ்சம் சாய்த்தால் புள்ளி இருட்டிலிருந்து பூமாலை மேல் நகர்ந்து மறைந்துவிடும்.

மெழுகுக்கறை:
கேமராவிலும் இதேதான். யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் சுடர் தலைகீழாக இன்னொரு இடத்தில் தெரியும். உள்ளே நுழையும் முன் ஃபில்டரைக் கழற்றுங்கள், ஹுட் மட்டும் இருக்கட்டும்.

பீடச்சிறுவன்:
மந்திரிப்புக்கு இரண்டு குறிப்பு. தீர்த்தத் துளி தெரிய வேண்டுமானால் சாமியாருக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கும்படி எதிரே நில்லுங்க, 1/250-க்குக் கீழே போகாதீங்க. அவர் கை ஓங்கும்போது அல்ல, கை கீழே வந்து நிற்கும்போதுதான் துளி காற்றில் விரியும். அரை நொடி தாமதித்து அழுத்துங்க.

இரண்டாவது, அன்றைய பூசை உடுப்பு பெரும்பாலும் ஊதா. திரி வெளிச்சத்தில் நீலம் இல்லாததால் ஊதா, காப்பிப்பொடி நிறத்துக்குப் போய்விடும். படத்தைப் பார்த்து "சாமியார் என்ன கலர் போட்டிருக்கார்" என்று பங்கு முழுக்கக் கேட்கும்.

மெழுகுக்கறை:
அதற்காக மொத்தப் படத்தின் ஒயிட் பேலன்ஸை நகர்த்த வேண்டாம், முகம் நீலம் பாயும். உடுப்பை மட்டும் மாஸ்க் செய்து நீலத்தைக் கூட்டுங்கள். அல்லது அந்திக்கு முன், வானத்து வெளிச்சம் இருக்கும்போதே ஊதாவை எடுத்து முடித்துவிடுங்கள்.

கல்வெட்டு (நெறியாளர்):
அனுமதி பற்றிச் சுருக்கமாக. பங்குத்தந்தை தந்தது தோட்டத்துக்குள் நுழைய. ஒவ்வொரு கல்லறையும் ஒரு குடும்பத்தின் இடம், அங்கே அனுமதி அவர்களுடையது. கேமராவைத் தாழ்த்திப் பிடித்து, கண்ணைப் பார்த்து, தலையசைத்துக் கேட்டால் போதும். முகம் திருப்பினால் நகர்ந்துவிட வேண்டும், இரண்டாவது தடவை கேட்கக் கூடாது.

மண் மேடும் மரச்சிலுவையும் மட்டும் இருந்தால் அண்மையில் நடந்த அடக்கம் என்று பொருள். அந்தப் பக்கமே கேமரா வேண்டாம். அங்கே நடப்பது திருநாள் அல்ல, துக்கம். சிமென்ட் பூசி, பழைய போட்டோ பதித்து, மூன்று தலைமுறைப் பெயர் எழுதிய குடும்பக் கல்லறையில் நிலைமை வேறு. பேரப்பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கும் பொரி நீளும். வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் போடும் படத்தில் பெயரும் தேதியும் படிக்கும்படி இருக்கக் கூடாது. எடுக்கும்போதே மாலை அதன் மேல் தொங்கும் கோணத்தைத் தேர்ந்தெடுத்தால் பிறகு மங்கலாக்கும் வேலை மிச்சம்.

படித்துறை:
இழை விலகுகிறதென்றால் நீக்கிவிடுங்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைத் தர்ப்பணம் எடுப்பவர்களுக்கும் இதே விதிகள்தானா?

கல்வெட்டு (நெறியாளர்):
விலகவில்லை. முன்னோருக்கான நாள்தானே. ஆனால் வெளிச்சம் நேர்மாறு. தெரிந்தவர் சொல்லுங்கள்.

மூணுகால்:
தர்ப்பணத்தில் திசை முன்கூட்டியே தெரியும் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. கொடுப்பவர் தெற்கு நோக்கி அமர்வார். எள்ளும் தண்ணீரும் வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கும். தெற்கு பார்த்தவருக்கு வலக்கைப் பக்கம் மேற்கு. ஆகவே காலை ஏழு மணிக்கு அவருக்கு மேற்கே, தாழ்வாக உட்கார்ந்து கிழக்கு நோக்கி எடுத்தால் சூரியன் நீர்த்தாரைக்குப் பின்னால் இருக்கும். தாரை கண்ணாடிக் கம்பி போல மின்னும், அதற்குள் எள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எள் தனித்தனியாக வேண்டுமென்றால் 1/1000, தாரை நூலாக வேண்டுமென்றால் 1/60.

பின்புலம் இருட்டாக இல்லாவிட்டால் இது வேலைக்காகாது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரி தெற்கே இருப்பதால், கொடுப்பவர்கள் ஆற்றைப் பார்த்து அமர்கிறார்கள். பக்கவாட்டில் படியும் கூட்டமும் பின்புலமாகும், சரியாக வரும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கிழக்கே கடல். காலையில் எல்லாம் வெளுத்துப்போகும், கையைக் கருநிழலாக எடுப்பதுதான் வழி. உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றவே கூடாது. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தப் பக்கம் கேமரா நினைப்பையே விடுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உத்தரவிட்டிருக்கிறது.

ஈர உடையில் இருப்பவர்களை முழு உருவமாக எடுக்க வேண்டாம். கை, எள், தர்ப்பை, பிண்டம் வைத்த இலை. போதும்.

புதுரோல்:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. அன்றைக்கு மழை இருந்தால்? மெழுகு சிந்தி ஒட்டிக்கொண்டால்?

கைபேசிக்காரி:
வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பிற்பாதியிலேயே தொடங்கிவிடும், மழை இருக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்க. கொசுவுக்கும் எதையாவது பூசிக்கொள்ளுங்க.

மெழுகுக்கறை:
தூறல் ஒரு வரம். திரி அணையாமலிருக்கக் குடையை அதன் மேல் தாழ்த்திப் பிடிப்பார்கள். வெளிர் நிறக் குடை என்றால் சுடர் வெளிச்சம் குடையின் உட்புறத்தில் பட்டுத் திரும்பி முகத்தில் மெத்தென்று விழும், பேய்ப்பட நிழல் காணாமல் போகும். கறுப்புக் குடை வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே குடையின் நிறம் பார்த்து கல்லறையைத் தேர்ந்தெடுங்கள். ஈரக் கல்லில் திரி நிற்காது. அடியைச் சூடுகாட்டி இரண்டு சொட்டு விட்டு அழுத்தினாலும் ஒரு நிமிடத்தில் சாயும். அப்போது மணலிலோ சிரட்டையிலோ நட்டு வைப்பார்கள், அதுவும் ஒரு படம்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், இருபது முப்பது நிமிடம் மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் லென்ஸில் ஆவி படியும், துடைக்கத் துடைக்க வரும்.

மெழுகு: டிரைபாட் காலில் ஒட்டினால் சூட்டோடு துடைக்கக் கூடாது, பரவும். வீட்டுக்கு வந்து ஐஸ் கட்டி வைத்தால் மொறுமொறுப்பாகும், நகத்தால் தட்டினால் உதிரும். துணியில் ஒட்டினால் மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து இஸ்திரி. துப்பட்டாவும் கேமரா வாரும் சுடர் பக்கம் தொங்காமல் கழுத்தோடு இழுத்துக் கட்டிவிடுங்கள், குனியும்போது முன்னால் விழுவது அவைதான்.

பீடச்சிறுவன்:
பிரிண்ட் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு மறந்துவிடாதீங்க. வீட்டு முகவரி கேட்டு அலைய வேண்டியதில்லை. கல்லறை வரிசையும் எண்ணும் குறித்துக்கொண்டு, உறையின் மேல் எழுதி உபதேசியாரிடம் கொடுத்தால் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு போய்ச் சேர்ந்துவிடும்.